காமிக்ஸ் செலவைக் குறைக்கணுமா? சந்தாவில் கை வைக்காதீங்க, மத்ததைப் பார்க்கலாம்!

மாசக் கடைசியில யு.பி.ஐ ஹிஸ்டரியைத் திறந்து பார்க்கிற பழக்கம் உங்களுக்கு இருக்கா? காமிக்ஸ் படிக்கிறவர் என்றால் அந்தப் பட்டியலில் சில வரிகள் தனியாகக் கண்ணில் படும். ஒரு மங்கா தொகுதிக்கு 400 ரூபாய். ‘ஆஃபர் இன்னும் 2 மணி நேரம்தான்’ என்று நள்ளிரவில் வாங்கிய கிராஃபிக் நாவலுக்கு 900 ரூபாய். வாட்ஸ்அப் குழுவில் யாரோ விற்ற பழைய இதழுக்கு 600 ரூபாய், கூரியர் தனி. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு சினிமா, ஒரு பிரியாணி செலவுதான். கூட்டிப் பார்க்கும்போதுதான் தூக்கிவாரிப் போடும்.

அப்போது பலரும் எடுக்கும் முடிவு ஒன்றுதான்: ‘இனிமே காமிக்ஸே வாங்க மாட்டேன்.’ இது ரெண்டு மாசம் தாங்கும். மூணாவது மாசம் புத்தகக் கண்காட்சி வரும். அங்கே போய், விட்டுப்போனதை எல்லாம் சேர்த்து ஒரே நாளில் வாங்கி வருவார்கள். டயட்டில் இருப்பவர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த கதைதான்.

காமிக்ஸ் செலவை நிச்சயமாகப் பாதியாகக் குறைக்கலாம், படிக்கிற சந்தோஷம் குறையாமலே. ஆனால் எதை வெட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். பெரும்பாலானோர் தப்பான இடத்தில்தான் முதலில் கத்தரியை வைக்கிறார்கள்.

ரெண்டு சந்தோஷம், ஒரே பில்

காமிக்ஸில் நாம் அனுபவிக்கிறது ரெண்டு வேறு சந்தோஷம். ஒன்று, படிக்கிற சந்தோஷம். படத்தை உற்றுப் பார்ப்பது, பக்கத்தைத் திருப்பும்போது வரும் திடுக், முடிந்ததும் நண்பனிடம் கதையைச் சொல்லத் துடிப்பது. இன்னொன்று, வாங்குகிற சந்தோஷம். கண்டுபிடிப்பது, ஆர்டர் போடுவது, பார்சலைப் பிரிப்பது, ஷெல்ஃபில் வரிசையாக நிற்க வைத்து ஒரு போட்டோ எடுப்பது.

இரண்டும் நல்ல சந்தோஷம்தான். இரண்டாவதைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. ஆனால் பில்லில் பெரும்பங்கு இரண்டாவதற்குத்தான் போகிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சோதித்துப் பார்ப்பது சுலபம். உங்கள் ஷெல்ஃபில் இன்னும் பிரித்துப் படிக்காத காமிக்ஸ் எத்தனை என்று எண்ணுங்கள். அவற்றின் அட்டை விலையைக் கூட்டுங்கள். அந்தத் தொகைக்கு நீங்கள் அனுபவித்தது இரண்டாவது சந்தோஷம் மட்டும்தான்.

இதை எண்ணி முடித்ததும் முதல் வழியும் கிடைத்துவிடும். படிக்காத குவியலில் இருந்து 3 புத்தகம் முடித்தால்தான் புதிதாக 1 வாங்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘மாசம் 1,000 ரூபாய்க்கு மேல் கூடாது’ என்கிற பட்ஜெட்டைவிட இது நன்றாக வேலை செய்யும். பணக் கணக்கில், ‘அடுத்த மாசத்துல கழிச்சுக்கலாம்’ என்று நம்மையே ஏமாற்றிக்கொள்ளலாம். படிக்காத புத்தகத்தைப் படித்ததாக ஏமாற்றிக்கொள்ள முடியாது. இன்னொரு லாபமும் உண்டு: குறைப்பதற்காகப் பட்டினி கிடக்கிறோம் என்கிற உணர்வே வராது. முன்பைவிட அதிகமாகத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

‘பின்னாடி நல்ல விலைக்குப் போகும்’ - போகுமா?

செலவை நியாயப்படுத்த நாம் சொல்லிக்கொள்ளும் பொய்களில் இதுதான் பெரியது. சூப்பர்மேன் அறிமுகமான ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 1938-ல் 10 சென்ட்டுக்கு விற்றது. அதன் ஒரு பிரதி 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இந்த மாதிரி செய்தி வரும்போதெல்லாம் நம் ஷெல்ஃபையும் ஒரு தடவை ஆசையாகப் பார்த்துக்கொள்வோம்.

அந்த இதழுக்கு ஏன் அவ்வளவு விலை என்பதைத்தான் நாம் யோசிப்பதில்லை. அந்தக் காலத்தில் யாரும் காமிக்ஸைப் பத்திரமாக வைக்கவில்லை. பசங்க படித்தார்கள், கிழித்தார்கள், போருக்குக் காகிதம் திரட்டியபோது பழைய பேப்பரோடு போட்டார்கள். மிஞ்சியது ரொம்பக் கொஞ்சம். அதனால்தான் விலை.

இதற்கு நேர் எதிரான கதை 1991-ல் நடந்தது. மார்வெல் புதிதாகத் தொடங்கிய ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. ஒரே கதைக்கு 5 விதமான அட்டைகள். ஐந்தையும் வாங்கினவர்கள் ஏராளம். எல்லோரும் ‘நாளைக்கு விலை ஏறும்’ என்று பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்தார்கள். எல்லோரும் பத்திரமாக வைத்ததாலேயே அது அரிய பொருள் ஆகவில்லை. இன்றைக்கும் சாதாரண விலைக்குக் கிடைக்கிறது. இப்படி வாங்கிக் குவித்த கூட்டம் கலைந்தபோது சந்தையே சரிந்தது, கடைகள் மூடின, 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனமே திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

ஆகவே ‘லிமிடெட் எடிஷன்’, ‘வேரியன்ட் கவர்’, ‘கலெக்டர்ஸ் எடிஷன்’ என்று அட்டையில் போட்டிருந்தால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சேகரிப்பதற்காகவே அச்சடிக்கப்பட்ட பொருள் பெரும்பாலும் அரிதாவதில்லை. அட்டை பிடித்திருந்தால் வாங்குங்கள், தப்பே இல்லை. முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள். வெட்ட வேண்டிய செலவில் இதுதான் முதல் வரிசை. வெட்டினால் கதையில் ஒரு கட்டம்கூட குறையாது.

தமிழ் காமிக்ஸ்: இங்கே கணக்கே வேற

நமக்கு இன்னும் நெருக்கமான இடத்துக்கு வருவோம். 1972-ல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. அதே 1984-ல் ராணி காமிக்ஸும் வந்தது. அப்பா, மாமா தலைமுறை பெட்டிக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் சில்லறை கொடுத்து வாங்கிப் படித்தவை இவை. ராணி காமிக்ஸ் இன்றைக்கு இல்லை. முத்துவும் லயனும் இடையில் தடுமாறினாலும், 2012 வாக்கில் வண்ணத்தில், நல்ல தாளில் புது வடிவம் எடுத்து இன்றுவரை வந்துகொண்டிருக்கின்றன. இத்தாலியின் டெக்ஸ் வில்லரும் பெல்ஜியத்தின் லக்கி லுக்கும் இன்றைக்கும் தமிழ் பேசுகிறார்கள் என்றால் அதற்கு இந்தச் சின்னப் பதிப்பகம்தான் காரணம்.

இப்போது இவை பெட்டிக்கடையில் தொங்குவதில்லை. பெரும்பாலும் ஆண்டுச் சந்தா, முன்பதிவு, ஆன்லைன், புத்தகக் கண்காட்சி ஆகியவற்றை நம்பித்தான் ஓடுகின்றன. ‘பழைய காமிக்ஸ் அஞ்சு ரூபா, பத்து ரூபாதானே, இப்ப ஏன் இவ்வளவு?’ என்று கேட்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். வெளிநாட்டுக் கதைக்கு உரிமைத் தொகை கட்ட வேண்டும். மொழிபெயர்க்க வேண்டும், எழுத்துக் கோர்க்க வேண்டும், அச்சுக்குத் தட்டு தயார் பண்ண வேண்டும். ஆயிரம் பிரதி அடித்தாலும் லட்சம் பிரதி அடித்தாலும் இந்தச் செலவெல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வாங்குகிறவர்கள் குறையக் குறைய, ஒவ்வொரு பிரதியின் தலையிலும் ஏறுகிற சுமை கூடும்.

அதனால்தான் சந்தாவில் கை வைக்காதீர்கள் என்கிறேன். செலவைக் குறைக்கணும்னு உட்கார்ந்தால், மாசாமாசம் போகிற சந்தாவும் வருஷத்துக்கு ஒருமுறை போகிற பெரிய தொகையும்தான் முதலில் கண்ணை உறுத்தும். பட்டனைத் தட்டினால் நின்றுவிடும், சுலபம். ஆனால் நாம் கொடுக்கும் காசிலேயே, அடுத்த புத்தகம் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிற காசு அதுதான். ஒரு அமெரிக்க கிராஃபிக் நாவலை நீங்கள் வாங்காவிட்டால் அந்த நிறுவனத்துக்குத் தெரியக்கூடத் தெரியாது. தமிழில் சில நூறு பேர் ஒரே வருஷத்தில் சந்தாவை நிறுத்தினால், அது அடுத்த வருஷ அட்டவணையிலேயே தெரியும்.

அப்போ தமிழ் காமிக்ஸில் எதைக் குறைப்பது? பழைய இதழ் வேட்டையை. அட்டையில் சில ரூபாய் போட்டிருக்கும் 80-களின் இதழ்களுக்கு இன்று ஆயிரங்களில் விலை சொல்கிறார்கள். கொடுக்க மனம் வந்தால் கொடுக்கலாம். ஆனால் அந்தக் காசில் ஒரு பைசாகூட பதிப்பகத்துக்கோ, மொழிபெயர்த்தவருக்கோ, படம் வரைந்தவருக்கோ போகாது. கதைதான் வேண்டும் என்றால் காத்திருங்கள். மாயாவி, ஸ்பைடர் போன்றவர்களின் கதைகள் மறுபதிப்பாக வந்திருக்கின்றன. ‘ரத்தப் படலம்’ முதல் 18 பாகங்கள் 2010-ல் ஒரே தொகுப்பாக வந்தன. பிறகு வண்ணத்திலும் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு பாகத்தையும் தேடித் தேடிப் பெரிய விலை கொடுத்தவர்களுக்குத் தெரியும், பொறுமையின் மதிப்பு எவ்வளவு என்று.

‘பி.டி.எஃப் தான் சும்மா கிடைக்குதே!’

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. டெலிகிராமில் தேடினால் கிடைக்கிறது, செலவு பூஜ்யம், பிரச்னை முடிந்தது என்று தோன்றும். சட்டத்தை விடுங்கள், கணக்கை மட்டும் பாருங்கள். கோடிக்கணக்கான வாசகர் உள்ள மொழியில் திருட்டு ஸ்கேன் ஒரு ஓட்டை. சில ஆயிரம் வாசகர் உள்ள துறையில் அது வேரில் ஊற்றுகிற வெந்நீர். நாம் மிச்சம் பிடிக்கிற 300 ரூபாய், நமக்குப் பிடித்த தொடரின் கடைசிப் பாகம் தமிழில் வராமல் போவதற்கான விலையாக ஆகலாம். இலவசமாகவும் நேர்மையாகவும் படிக்க வழி இல்லை என்றால் இந்த வாதத்துக்குக் கொஞ்சம் நியாயம் இருக்கும். வழிதான் நிறைய இருக்கே!

பழைய அமெரிக்க காமிக்ஸில் காப்புரிமை முடிந்து பொதுவுடைமை ஆனவற்றை ‘டிஜிட்டல் காமிக் மியூசியம்’, ‘காமிக் புக் பிளஸ்’ ஆகிய இணையதளங்களில் இலவசமாகவே படிக்கலாம். 1940-கள், 50-களின் துப்பறியும் கதை, கௌபாய் கதை, பேய்க்கதை எல்லாம் குவிந்து கிடக்கின்றன. மங்காவுக்கு, ஜப்பானின் ஷுயெய்ஷா நிறுவனமே நடத்தும் ‘மங்கா பிளஸ்’ 2019 முதல் இருக்கிறது. ‘ஒன் பீஸ்’ போன்ற பெரிய தொடர்களின் தொடக்க அத்தியாயங்களும் புதிதாக வரும் அத்தியாயங்களும் ஆங்கிலத்தில், காசு கட்டாமலே, ஜப்பானில் வெளியாகும் நேரத்தை ஒட்டிக் கிடைக்கின்றன.

மங்கா வாங்கும் முன் முதுகை எண்ணுங்க

மங்காவில் செலவு எகிறுவதற்குக் காரணம் ஒரு தொகுதியின் விலை இல்லை, தொடரின் நீளம். முதல் தொகுதி வாங்கும்போது 400 ரூபாய்தானே என்று தோன்றும். ஒரு தொகுதிக்குச் சராசரியாக 400 ரூபாய் என்றே வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம்.

‘டெத் நோட்’ கதை 12 தொகுதிகளில் முடிகிறது: 4,800 ரூபாய். ‘டெமன் ஸ்லேயர்’ 23 தொகுதிகள்: 9,200 ரூபாய். ‘நருட்டோ’ 72 தொகுதிகள்: 28,800 ரூபாய். 1997-ல் தொடங்கிய ‘ஒன் பீஸ்’ 100 தொகுதிகளைத் தாண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது: 40,000 ரூபாய்க்கு மேல், அதை வைக்க ஒரு அலமாரி தனி. சென்னையில் ஒரு ரூமில் மூணு பேர் தங்கியிருப்பவர்களுக்கு அலமாரியும் ஒரு செலவுதான்.

அதனால் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். நீளமான தொடர்களை டிஜிட்டலில் படியுங்கள். முடிந்துபோன, சின்னத் தொடர்களை மட்டும் அச்சில் வாங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தொடரில், ரொம்பப் பிடித்த ஒரு கட்டத்தின் தொகுதியை மட்டும் வாங்கி வைப்பதிலும் தப்பில்லை. 1 முதல் 100 வரை வரிசை விடாமல் நிற்க வேண்டும் என்பது ஷெல்ஃபின் ஆசை. வாசகரின் தேவை அது இல்லை.

டிஜிட்டலுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. மார்வெல் அன்லிமிடெட் போன்ற சந்தா செயலிகளில் 30,000-க்கு மேல் இதழ்கள் இருக்கின்றன. மாசம் ஒரு கிராஃபிக் நாவல் வாங்குகிறவருக்கு அது லாபம்தான். ஆனால் ‘வாங்கு’ என்று பட்டன் இருந்தாலும் டிஜிட்டலில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் படிக்கும் உரிமம்தான். காமிக்ஸ் படிப்பவர்களின் செல்லமாக இருந்த ‘காமிக்ஸாலஜி’யை அமேசான் 2014-ல் வாங்கியது, 2023 இறுதியில் தனிச் செயலியை மூடி கிண்டிலோடு சேர்த்துவிட்டது. புத்தகங்கள் போகவில்லை, ஆனால் பழகிய வீடு போய்விட்டது. ஆகவே டிஜிட்டலை வாடகை நூலகமாக நினையுங்கள். ஒரு மாசம் சந்தா கட்டி, பட்டியல் போட்டுப் படித்து, நிறுத்திவிட்டு, நாலு மாசம் கழித்து மறுபடி சேரலாம். ஆட்டோ-பே மட்டும் ஆஃப் பண்ணி வையுங்க.

ஏற்கனவே காசு கட்டியாச்சு: நூலகம்

தமிழ்நாட்டுப் பொது நூலகச் சட்டம் 1948-ல் வந்தது. இந்திய மாநிலங்களில் இதுதான் முன்னோடி. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. வாடகை வீட்டில் இருந்தாலும் அது சுற்றி வளைத்து நம் வாடகையில்தான் இருக்கிறது. காசு கொடுத்துவிட்டுப் போகாமல் இருப்பானேன்? சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023-ல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற இடங்களுக்கு ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். காமிக்ஸ் பெரும்பாலும் குழந்தைகள் பிரிவில்தான் இருக்கும். கூச்சப்பட வேண்டாம்.

நூலகத்தைவிட வேகமானது நண்பர்கள் வட்டம். ஒரே தொடரை நாலு பேர் தனித்தனியாக வாங்குவதற்குப் பதில், நாலு பேர் நாலு தொடர் வாங்கிச் சுற்றுக்கு விட்டால் செலவு கால் பங்கு. விதிமுறை ரெண்டு போதும்: 3 வாரத்தில் திருப்ப வேண்டும், சாப்பிடும்போது படிக்கக் கூடாது. முடித்ததும் பேச ஆள் இருக்கும் என்பதுதான் இதில் பெரிய லாபம். திரும்பப் படிக்க மாட்டோம் என்று தெரிந்ததை நல்ல நிலையில் விற்றுவிடுங்கள். அந்தக் காசை மட்டும் வைத்து அடுத்தது வாங்குங்கள்.

விழாக்களுக்கும் பட்டியலோடு போங்கள். 2024 பிப்ரவரியில் சென்னைக்கு முதல் தடவையாக காமிக் கான் வந்தது. அங்கே பொம்மை, டி-ஷர்ட், போஸ்டர் எல்லாம் காமிக்ஸ் பெயரில்தான் பர்ஸைக் காலி செய்யும். நந்தனம் புத்தகக் கண்காட்சியில் வழக்கமான 10 சதவீதத் தள்ளுபடி இருக்கிறது. பட்டியலில் இருப்பதை மட்டும் வாங்கினால்தான் அது லாபம்.

சரி, மொத்தத்துல எவ்வளவு மிச்சம்?

ஒரு உதாரணத்துக்கு, மாசம் 2 மங்கா (800), ஒரு கிராஃபிக் நாவல் (900), பழைய இதழ் (600), தமிழ் சந்தா சராசரியாக (500) என்று ஒருவர் 2,800 ரூபாய் செலவழிப்பதாக வைப்போம். வருஷத்துக்கு 33,600 ரூபாய்.

மங்காவை ஒன்றாக்கி, இன்னொன்றை நண்பரோடு மாற்றிக்கொள்கிறார்: 400. கிராஃபிக் நாவல் 3 மாசத்துக்கு ஒன்று, அதாவது மாசத்துக்கு 300. மற்ற மாசங்களில் நூலகமும் படிக்காத குவியலும் கைகொடுக்கும். பழைய இதழ்: பூஜ்யம். நடுவில் ஒரு டிஜிட்டல் சந்தாவுக்கு மாசச் சராசரி 100. தமிழ் சந்தா அப்படியே 500. மொத்தம் 1,300, வருஷத்துக்கு 15,600. மிச்சம் 18,000 ரூபாய். படிக்கிற பக்கங்கள் குறையவில்லை. தமிழ்ப் பதிப்பகத்துக்குப் போகும் காசிலும் ஒரு ரூபாய் குறையவில்லை.

‘என் சம்பளம், என் ஆசை, இதுக்கெல்லாம் கணக்கா?’ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கிரெடிட் கார்டு பாக்கி இல்லை, அவசரத்துக்குப் பணம் இருக்கிறது, வீட்டில் யாருக்கும் குறை இல்லை என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் காமிக்ஸுக்கு ஈ.எம்.ஐ போடும் நிலை வந்துவிட்டால், ஒருநாள் கோபத்தில் எல்லாவற்றையும் மொத்தமாக நிறுத்திவிடுவீர்கள். அப்படி நிறுத்துகிற ஒவ்வொருவரும் இந்தச் சின்னத் துறைக்கு நிரந்தர இழப்பு. மாசம் 500 ரூபாய்க்கு 20 வருஷம் வாங்குகிற வாசகர்தான் அதற்கு வேண்டும். மாசம் 5,000 ரூபாய்க்கு ஒரே வருஷம் வாங்கிவிட்டுக் காணாமல் போகிறவரால் அது நிலைக்காது.

இந்த வார இறுதியில் புதிதாக எதையும் ஆர்டர் போட வேண்டாம். ஷெல்ஃபில் பிரிக்காமல் இருப்பதில் ஒன்றை எடுங்கள். போனை அடுத்த ரூமில் வைத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படங்களைப் பார்த்துப் படியுங்கள். அதற்கான காசை என்றைக்கோ கொடுத்துவிட்டீர்கள்.